வௌவாலா, குரங்கா, கொசுவா, சர்க்கரையா: பிள்ளைகளுக்கு எந்தப் பிரச்சினையைக் கொடுக்கலாம்?

உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம், "சமூகத்தைத் தொடும் ஓர் உயிரியல் பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, உன் நிலைப்பாட்டை நியாயத்தோடு எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் நேரே குளோனிங்குக்கோ மரபணு மாற்றுப் பயிருக்கோதான் போவார்கள். இணையத்தில் அவற்றைப் பற்றி இரண்டு பக்கத்து வாதமும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. ஆதரவுக்கு ஐந்து, எதிர்ப்புக்கு ஐந்து, கடைசியில் "இரண்டிலும் நன்மை தீமை உண்டு" என்று ஒரு வரி. எழுதிக் கொடுத்துவிடலாம், மார்க்கும் வந்துவிடும். எழுதிய பிள்ளைக்கு அந்தப் பிரச்சினையில் சொந்தமாக ஒரு கருத்து பிறந்திருக்காது என்பதுதான் என் கவலை.

மொரீஷியஸில் கோவில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். எச்எஸ்சி என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஜெனரல் பேப்பர் என்ற பொதுக் கட்டுரைத் தாளும் இருக்கிறது. அதில் வாதம் எழுதத் தெரியாதவர்கள் உயிரியலில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தடுமாறுகிறார்கள். அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரும் நாங்களும் உட்கார்ந்து, இந்த முறை எந்தப் பிரச்சினையைக் கொடுப்பது என்று பேசுகிறோம். நான்கு பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பழந்தின்னி வௌவால்களைச் சுட்டது, ஆய்வுக்கூடங்களுக்குக் குரங்கு ஏற்றுமதி, கொசு ஒழிப்பு, சர்க்கரை நோயும் வரியும். நான்கும் நம் தீவின் பிரச்சினைகள். ஆனால் ஒரு பிள்ளையைச் சிந்திக்க வைப்பதில் நான்கும் ஒரே அளவு உதவுவதில்லை.

நான் முதலில் பார்ப்பது, சான்று பிள்ளையின் கைக்கு எட்டுமா என்பது. அடுத்தது, எண்கள் பேசி முடித்த பிறகும் முடிவெடுக்க ஏதாவது மிச்சம் இருக்குமா என்பது. எண்களே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் அது கணக்கு. எண்களுக்கு இடமே இல்லாவிட்டால் வெறும் அபிப்பிராயம். இரண்டும் கலந்த இடத்தில்தான் ஒரு பிள்ளை நிலைப்பாடு எடுக்கக் கற்றுக்கொள்கிறது.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு வௌவால்.

டோடோ போய்விட்டது, ராட்சத ஆமைகளும் போய்விட்டன. நம் காட்டு மரங்களின் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும் பெரிய விலங்கு என்று மிஞ்சியிருப்பது இந்த வௌவால்தான். நல்ல நிலையில் இருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் காட்டின் மறுபிறப்பு பெரிதும் இந்த விலங்கின் வயிற்றை நம்பியிருக்கிறது. ஒரு தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். மறுபக்கம், நவம்பர் டிசம்பரில் லிச்சி பழுக்கும்போது தோட்டக்காரரின் ஆண்டு வருமானம் சில வாரங்களில் முடிவாகிறது. ராத்திரியில் மரம் முழுக்கச் சிறகடிக்கும் சத்தம் கேட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு பக்கமும் உண்மையானது. இரண்டு பக்கத்து ஆட்களும் பிள்ளையின் உறவிலேயே இருப்பார்கள்.

2015இல் நடந்ததை எண்களோடு எடுத்து வையுங்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினத்தையும் கட்டுப்படுத்தலாம் என்று இடம் கொடுக்கும் சட்டம் அந்த ஆண்டு வந்தது. வௌவால்கள் ஏறத்தாழ 90,000 இருப்பதாக அரசு கணக்குச் சொன்னது, 18,000 சுடப்போவதாக அறிவித்தது. கொல்லப்பட்டதாக அறிவிக்கப்பட்டது ஏறத்தாழ 31,000. மறு ஆண்டு மேலும் ஏழாயிரத்துக்கு மேல். 2018இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இனம் "அழிவாய்ப்பு உள்ளது" என்ற நிலையிலிருந்து "அழியும் ஆபத்தில் உள்ளது" என்ற இன்னும் மோசமான நிலைக்குப் போனது. அதே 2018இல் எண்ணிக்கை ஏறத்தாழ 65,000 என்று கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 13,000ஐ, மறுபடி சுட முடிவு செய்தார்கள்.

இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். தொண்ணூறாயிரத்தில் முப்பத்தோராயிரமும் ஏழாயிரமும் கழித்தால் ஏறத்தாழ ஐம்பத்திரண்டாயிரம். அது இரண்டே ஆண்டில் அறுபத்தைந்தாயிரம் ஆகுமா? பாதி பெண், அதில் எத்தனை குட்டி போடும், எத்தனை குட்டி பிழைக்கும், புயல் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். ஆகலாம் என்று ஒருவர் சொல்வார். முதல் எண்ணிக்கையே தப்பாக இருக்கலாம் என்று இன்னொருவர் சொல்வார். பாதுகாப்பு ஆர்வலர்களும் அந்த முதல் எண்ணிக்கையைத்தான் கேள்வி கேட்டார்கள். ஆக, ஒரு கொள்கை எந்த எண்ணின் மேல் நிற்கிறது, அந்த எண் எவ்வளவு உறுதியானது என்று கேட்கும் பழக்கம் பாடம் நடத்தாமலே வந்துவிடுகிறது.

மரத்தடி வேலை இன்னும் நல்லது. லிச்சி மரமோ மாமரமோ இருக்கும் வீட்டில், சாயங்காலம் மரத்துக்கடியில் பழைய பெட்ஷீட்டை விரித்துவிட்டு, காலையில் விழுந்து கிடப்பதைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன். காற்றில் முழுசாக விழுந்தது தனி. அலகால் கொத்தி ஓட்டை போட்டது பறவை. ஓரத்தில் சிறு பற்களால் சுரண்டியது எலி. வௌவால் கடித்ததற்கு வேறு ஓர் அடையாளமும் உண்டு: சதையை மென்று சாற்றை விழுங்கிவிட்டு நாரை உருண்டையாகத் துப்பியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பிரிக்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வௌவாலைத் தொடவே கூடாது. கடந்த முறை எல்லோரும் குவியல்களை எண்ணி அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், மரத்திலேயே தின்னாம தூக்கிக்கிட்டுப் போனதை எப்படி எண்ணுறது?" பெட்ஷீட் வௌவாலின் பங்கைக் குறைத்துக் காட்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். தன் சான்று எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு பிள்ளை தானாகவே சொல்லும் அந்த இடத்துக்காகத்தான் நான் இந்தப் பொருளை விடாமல் பிடித்திருக்கிறேன்.

அடுத்த படி, ஆய்வுகளைப் படிப்பது. மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் ஃப்ளோரன்ஸும், மொரீஷியஸ் தாவர மாதிரிக் காப்பகத்தின் கிளாடியா பைடரும் 2019இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வளவு சுட்ட பிறகும் பழத் தோட்டக்காரர்களின் லாபம் கூடவில்லை என்று காட்டியது. வீட்டு லிச்சி மரங்களில் செய்த ஆய்வுகள், வலை போட்டால் சேதம் பல மடங்கு குறைகிறது என்றன. அப்படியானால் எல்லோரும் வலை போடலாமே? ஆனால் தாத்தா காலத்து லிச்சி மரம் வீட்டுக் கூரையைவிட உயரம். அதற்கு யார் ஏறி வலை போடுவது, யார் காசு கொடுப்பது? அரசு மானியம் தோட்டம் வைத்திருப்பவருக்குப் பயன்படும், கொல்லையில் ஒற்றை மரம் வைத்திருக்கும் பாட்டிக்கு எவ்வளவு பயன்படும்? எண்கள் இங்கே நின்றுவிடுகின்றன, நியாயம் இங்கே தொடங்குகிறது. "வௌவால் இயற்கையின் பகுதி, அதைக் கொல்லக் கூடாது" என்று தொடங்கிய பையன் கடைசியில் எழுதியது இது: சுடுவதால் லாபம் கூடியதாகச் சான்று இல்லாதவரை சுடக் கூடாது, மரங்களைக் கவாத்து செய்து தாழ வளர்க்கவும் வலை போடவும் ஆகும் செலவில் பெரும்பகுதியைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும், ஏனென்றால் காட்டால் வரும் பயன் எல்லோருக்கும் பொது. வலை போட்ட பிறகும் பாதிப் பழம் போகிறது என்று யாராவது நிரூபித்தால் என் கருத்தை மறுபடி யோசிப்பேன். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாத கட்டுரையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எது தெரியவந்தால் மனம் மாறும் என்று சொல்ல முடியாதவர் இன்னும் ஆராயவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்கரையை இரண்டாம் இடத்தில் வைப்பேன். சில வகுப்புகளுக்கு இதையே முதலிலும் வைக்கலாம், குறிப்பாக மரமே இல்லாத காத்ர் போர்ன், ரோஸ் ஹில் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு. இங்கே வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. எந்த வீட்டிலும் ஊசி போடுபவரோ மாத்திரை போடுபவரோ ஒருவர் இருப்பார். சான்று சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது.

இதில் முதலில் உடைக்க வேண்டியது, "நம்ம இந்திய ரத்தத்திலேயே இருக்கு" என்ற பேச்சை. 1987இல் தீவு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர், கிரியோல் மக்கள் (பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர்), சீன வம்சாவளியினர் என்று எல்லோரிடமும் நீரிழிவு ஏறத்தாழ ஒத்த அளவில் உயர்ந்தே இருந்தது. மரபு காரணமே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே தீவில் ஒரே மாதிரி நடக்கிறது என்றால் தீவின் வாழ்க்கை முறையையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் பொருள். பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. தாத்தாவுக்கு வந்தது எனக்கும் வந்தே தீரும் என்று நினைத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அரசு தலையிடலாமா என்பதற்கு நம் தீவிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 1980களின் பிற்பகுதியில் சாதாரண மக்கள் வாங்கும் சமையல் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அரசு விதியால் அது முழுக்க சோயா எண்ணெயாக மாற்றப்பட்டது. 1987க்கும் 1992க்கும் இடையில் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியது. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 213இலிருந்து 182க்கு. யாரும் யாரிடமும் போய் "எண்ணெயை மாற்று" என்று கெஞ்சவில்லை, கடையில் இருந்த டப்பா மாறியது. இந்த முடிவைப் பார்த்ததும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். நல்லது நடந்ததே, சர்க்கரைக்கும் இப்படியே செய்யலாம் என்பது ஒரு பக்கம். என் அம்மா எந்த எண்ணெயில் சமைப்பது என்று அரசு எப்படி முடிவு செய்யலாம் என்பது இன்னொரு பக்கம். 2013இலிருந்து இனிப்புப் பானங்களுக்கு அவற்றில் இருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்து வரி வசூலிக்கிறார்கள். ஒரு 330 மில்லி கோலா டப்பாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. இப்போதைய வரி விகிதத்தைத் தேடி எடுத்து, அந்த டப்பாவில் எத்தனை ரூபாய் வரி என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு, அந்தக் காசுக்காக நீ குடிப்பதை நிறுத்துவாயா என்று கேளுங்கள். எதிர்பாராத அளவு நேர்மையான பதில்கள் வரும்.

சர்க்கரையை வௌவாலுக்கு அடுத்து வைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். நோயாளி வீட்டிலேயே இருக்கும்போது பிள்ளைகள் அவர்மேல் பழி போட ஆரம்பித்துவிடுகிறார்கள். "பாட்டி இனிப்பை விடவே மாட்டேங்குறாங்க" என்று கட்டுரை தொடங்கும். அதைக் கண்டால் உடனே நிறுத்தி, பாட்டி காலத்தில் என்ன கிடைத்தது, இப்போது என்ன மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்வியைத் திருப்ப வேண்டும். ஆசிரியர் கூடவே இருக்க முடிந்தால்தான் இந்தப் பொருள்.

குரங்கு கடினமான பொருள். அதை எல்லோருக்கும் கொடுக்க மாட்டேன். நீண்டவால் குரங்கு இந்தத் தீவின் விலங்கே கிடையாது, ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்து விட்டது. காட்டுப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. 1990 வாக்கில் காட்டில் ஏறத்தாழ பத்துதான் மிச்சம் என்ற நிலைக்குப் போய், பெரும்பாடுபட்டு மீட்கப்பட்ட இளஞ்சிவப்புப் புறாவுக்கும் அது எதிரி. ஆனால் அதே இனத்தை 2022இல் சிவப்புப் பட்டியல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளதாகச் சேர்த்தது. இங்கே தொல்லை, பிறந்த நாடுகளில் ஆபத்து. இதற்கு மேல், மருந்துச் சோதனைக்குக் குரங்கு அனுப்பும் நாடுகளில் மொரீஷியஸ் முன்வரிசையில் இருக்கிறது. 2020இல் சீனா ஏற்றுமதியை நிறுத்தியதும் நம் குரங்குகளுக்குக் கிராக்கி கூடியது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குரங்குக்கும் வசூலாகும் கட்டணம் காட்டுப் பாதுகாப்புக்குப் போகிறது என்பதும் உண்மை. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை அறிவித்தது. இவ்வளவையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள பதினைந்து வயதில் பலரால் முடியாது.

இன்னொன்றும் உண்டு. கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கரையில் வாழைப்பழத்துக்குக் கை நீட்டும் குரங்கை அனுமாரின் வம்சம் என்று கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். "எங்கள் நம்பிக்கை இது" என்று ஒருவர் எழுதினால் அதைச் சிவப்பு மையால் அடிக்கக் கூடாது. அது மதிப்பு, நிலைப்பாட்டில் அதற்கு இடம் உண்டு. அதை மதிப்பு என்று சொல்லியே எழுத வேண்டும், சான்றின் இடத்தில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அதே போல "மனித உயிர்தான் பெரிது" என்பதும் ஒரு மதிப்புதான், அறிவியல் அதை நிரூபித்துவிடவில்லை. இந்த இரண்டையும் சமமாக நடத்தத் தெரிந்த ஆசிரியரும், ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளையும் இருந்தால், நான்கில் மிக ஆழமானது குரங்குதான். ஆய்வுக்கூடமும் பண்ணையும் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதால் கைக்கு எட்டும் சான்று குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கொசுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரலாறு அருமை: 1973இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ், 1975இல் ஜெர்வேஸ் புயலுக்குப் பிறகு மலேரியா திரும்பி வந்தது, மறுபடி ஒழிக்க 1990களின் இறுதிவரை ஆனது. பக்கத்துத் தீவான ரியூனியனில் 2005-06இல் சிக்குன்குனியா மூன்றில் ஒருவரைத் தாக்கியது, 2025இல் மறுபடி வந்தது. அப்போது புதிய தடுப்பூசியை, கடுமையான பக்கவிளைவுகள் தெரிந்ததும், 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறுத்தினார்கள். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் கொசுக்களை விடும் சோதனை இரண்டு தீவுகளிலும் நடந்திருக்கிறது. பிள்ளைகள் இதை மரபணு மாற்றம் என்று குழப்பிக்கொள்வார்கள், தெளிவாக்க வேண்டும். ஆனால் கொசுவுக்காகப் பரிந்து பேச வகுப்பில் யாரும் இல்லை. எதிர்த்தரப்பு பலவீனமாக இருக்கும் பொருளில் வாதம் சோர்ந்துபோகிறது. தடுப்பூசியை யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கினால், இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டிய வகுப்புக்கு ஏற்ற பொருள் இது.

பொருளை முடிவு செய்த பிறகு, அதை எப்படி நடத்துவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பெற்றோருக்குப் பிடித்தது பட்டிமன்றம். மேடை, கைதட்டல், கோப்பை. எனக்கு இதில் தயக்கம் உண்டு. சீட்டுக் குலுக்கி ஒரு பக்கம் கிடைத்த பிள்ளை, தன் பக்கத்துக்கு எதிரான சான்றை ஒளித்துவைக்கப் பழகுகிறது. நாம் கற்றுக்கொடுக்க வந்ததற்கு இது நேர் எதிர். பட்டிமன்றம் வேண்டுமென்றால் பாதியில் இரண்டு அணியையும் இடம் மாற்றுங்கள். தனியாக உட்கார்ந்து கட்டுரை எழுதச் சொன்னாலோ, இப்போதெல்லாம் போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

நான் விரும்புவது பொது விசாரணை. ஒருவர் லிச்சித் தோட்டக்காரர், ஒருவர் வன அதிகாரி, ஒருவர் சூழலியலாளர், ஒருவர் கொல்லையில் ஒற்றை மரம் வைத்திருக்கும் பாட்டி. ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கான சான்றைத் தேடி வந்து பேச வேண்டும். கேள்வி கேட்பவர், பதில் சொன்னவரின் வாதத்தை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். விசாரணை முடிந்ததும் வேஷத்தைக் கழற்றிவிட்டு அவரவர் சொந்த நிலைப்பாட்டை எழுதுகிறார்கள். பேச்சு கிரியோலிலும் தமிழிலும் கலந்து போகும், கட்டுரை ஆங்கிலத்தில் முடியும். படித்தது பிரெஞ்சுப் பத்திரிகையாக இருக்கும். அது தடையில்லை. பத்திரிகைச் செய்தி, ஆராய்ச்சிக் கட்டுரை, அரசு அறிக்கை, தன் கண்ணால் எண்ணியது என்று ஒவ்வொரு சான்றுக்குப் பக்கத்திலும் அதன் வகையைக் குறித்தால் போதும்.

காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். எச்எஸ்சி தேர்வு நடக்கும் நேரத்தில்தான் லிச்சி பழுக்கிறது, மேல் வகுப்புப் பிள்ளைகளை அப்போது மரத்தடிக்கு அனுப்ப முடியாது. அதனால் இந்த முறை கீழ் வகுப்பினர் தேர்வு முடிந்த விடுமுறையில் லிச்சியை எண்ணுகிறார்கள். மற்றவர்கள் ஜனவரியில் பள்ளி திறந்ததும் மாமரத்தில் தொடங்குகிறார்கள், மாம்பழம் அப்போதும் மரத்தில் இருக்கும். மரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை. குரங்கைக் கேட்டு வந்த இருவரிடம், முதலில் வௌவாலில் ஒரு கட்டுரை முடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.